நோயாளி மருந்தை ஏன் நிறுத்துகிறார்?

(புணே நகரின் கோர்படியில், அரசுத் துறை அலுவலர்களும் சமூகப் பணி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு நாட்டின் சுகாதார முன்னேற்றத்தை நாம் பொதுவாக எண்களைக் கொண்டே அளக்கிறோம். மருத்துவமனைகள் எத்தனை, படுக்கைகள் எத்தனை, மருத்துவர்கள் எத்தனை பேர், ஒதுக்கீடு எத்தனை கோடி ரூபாய் என்று கணக்கிடுகிறோம். இவை யாவும் தேவையான கணக்குகளே. ஆயினும் இவற்றுள் எதிலும் இடம்பெறாத ஓர் எண் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தில் நோயாளி உண்மையில் உட்கொண்டது எவ்வளவு என்பதே அது. தொழிற்சாலையில் உற்பத்தியாகும் மாத்திரை, கிடங்குகளைக் கடந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்து, நோயாளியின் கைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. கையிலிருந்து வாய்க்குச் செல்ல வேண்டிய ஒரு முழத் தூரத்தில்தான் பல திட்டங்கள் தோல்வியுறுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறிக்கை, இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையை வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் முறையாகப் பின்பற்றுகிறார்கள் என்றும், வளரும் நாடுகளில் இவ்விகிதம் மேலும் குறைவு என்றும் கூறுகிறது. படிப்பும் வசதியும் மிகுந்த சமுதாயங்களிலேயே நிலைமை இதுவென்றால், குறையை அறியாமையின் மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது என்பது தெளிவு.

மருத்துவ அறிவுரையைப் பின்பற்றுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை பணமாக இருக்கலாம். ஒரு நாள் கூலியாக இருக்கலாம். வயிற்றெரிச்சலாகவோ அயலார் முன் படும் வெட்கமாகவோ இருக்கலாம். நோயாளி ஒவ்வொரு நாளும் அந்த விலையைக் கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவருடைய கணக்கு சில வேளைகளில் பிழையாக முடிகிறது. ஆனால் காரணமின்றி முடிவதில்லை. அக்காரணங்களை அறிந்து விலையைக் குறைப்பது அரசின் பொறுப்பு என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

பூனா கற்பித்த பாடம்

நாம் கூடியிருக்கும் இப்பகுதிக்கு இப்பொருளில் ஒரு வரலாறு உண்டு. 1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், விரைவிலேயே அன்றைய பூனாவுக்கும் பரவியது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஐ.சி.எஸ். அதிகாரியான வால்டர் சார்லஸ் ராண்ட் தலைமையில் தனிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. மார்ச் முதல் மே வரை இராணுவச் சிப்பாய்கள் வீடு வீடாகச் சென்று சோதனையிட்டனர். பெண்கள் இருந்த உள்ளறைகளிலும் பூசையறைகளிலும் அவர்கள் நுழைந்தனர். நோயுற்றவர்களும் நோயுற்றவர்களென ஐயுறப்பட்டவர்களும் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டு செல்லப்பட்டனர். வீட்டுப் பொருள்கள் எரிக்கப்பட்டன.

நோக்கம் நோயைத் தடுப்பதாகவே இருந்தது. விளைவு என்னவாயிற்று? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், இறப்புகளை மறைத்தார்கள், ஊரை விட்டு வெளியேறி, நோய் செல்லாத இடங்களுக்கும் சென்றார்கள். மருத்துவமனையைக் காட்டிலும் நோயே மேல் என்ற மனநிலை உருவாயிற்று. 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு சாபேகர் சகோதரர்களால் ராண்ட் சுடப்பட்டதும், சில நாட்களில் அவர் உயிர் நீத்ததும் நாட்டின் அரசியல் வரலாறு. சுகாதார நிர்வாகத்தின் வரலாற்றிலும் அந்த மாதங்களுக்கு ஓர் இடம் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மற்றொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். எலியின் மீது வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கண்டறிந்தது 1898-ஆம் ஆண்டில்தான். ஆகவே 1897-இல் மக்கள்மீது அத்துணைக் கடுமையுடன் சுமத்தப்பட்ட நடவடிக்கைகள், அரைகுறையான அறிவை அடிப்படையாகக் கொண்டவை. அறிவுரை வழங்குவோரின் அறிவுக்கும் எல்லை உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது.

அதே ஆண்டில், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஹடப்சரில் வேறொரு முறையும் கையாளப்பட்டது. பெண் கல்வியின் முன்னோடியான சாவித்திரிபாய் புலேயும், மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த்தும் அங்கே திறந்த வெளியில் பிளேக் நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சை இடத்தை நடத்தினார்கள். கோர்படிக்கு அடுத்துள்ள முண்ட்வாவில், தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்பொன்றிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் தாமே தூக்கி வந்தார். அதனால் நோய் தொற்றி 1897 மார்ச் 10-ஆம் நாள் அவர் காலமானார். எல்லாரிடமும் இத்தகைய தியாகத்தை எதிர்பார்க்க இயலாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் ஒரே நோய், ஒரே ஊர், ஒரே மக்கள் என்றிருந்தும், ஓரிடத்தில் நோயாளியை ஒளிப்பதும் மற்றோரிடத்தில் நோயாளியை ஒப்படைப்பதும் நிகழ்ந்தன என்பது சிந்தனைக்குரியது. அறிவுரையைச் சொல்பவர் யார், அவரை மக்கள் நம்புகிறார்களா என்பது அறிவுரையின் உள்ளடக்கத்தைப் போலவே முக்கியமானது.

அறியாமை என்ற விளக்கம்

நம்பிக்கை இருந்தாலும், நோயைப் பற்றி அறியாத மக்கள் சிகிச்சைக்கு வரமாட்டார்கள் என்ற கருத்து விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் பரவலாக இருந்தது. பெங்களூரில் 1959-இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகிய இருவரும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் எக்ஸ்ரே மூலம் கண்டறியப்பட்ட காசநோயாளிகளை நேரில் சந்தித்து, 1963-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர்.

நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடலில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்தே இருந்தனர். ஏறக்குறைய முக்கால் பங்கினர் அதைப் பற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். சுமார் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றும் இருந்தனர். அவ்வாறு சென்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து. சளி பரிசோதனை செய்யப்படவில்லை. நோய் இன்னதென்று சொல்லப்படவுமில்லை.

மக்கள் வரவில்லை என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, மக்கள் வந்து திரும்பிப் போயிருந்தார்கள் என்பதை இந்த ஆய்வு காட்டியது. பேருந்துக் கட்டணமும் கூலியும் இழந்து, வரிசையில் நின்று, பயனற்ற புட்டியோடு வீடு திரும்பிய ஒருவர், அடுத்த முறை அழைக்கும்போது தயங்கினால் அத்தயக்கம் அனுபவத்தின் விளைவேயாகும். 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், பொது மருத்துவ நிலையங்களுக்குத் தாமாக வரும் இருமல் நோயாளிகளைக் கண்டறிவதையே அடிப்படையாகக் கொண்டதற்கு இத்தகைய ஆய்வுகள் துணை செய்தன.

மனத்தின் நான்கு கணக்குகள்

இதே காசநோயை முன்னிட்டே மற்றொரு நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1950-களில் ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டிகளை அனுப்பிற்று. கட்டணம் கிடையாது, வண்டி தெருமுனையில் நிற்கும். அப்படியிருந்தும் பலர் வரவில்லை. அத்துறையில் பணிபுரிந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய உளவியலறிஞர்கள் இதற்கான காரணத்தைத் தேடினார்கள். சுகாதார நம்பிக்கைக் கோட்பாடு என்று இன்று வழங்கும் கருத்து அவ்வாறே பிறந்தது.

மனிதன் ஒரு சுகாதார நடவடிக்கையை மேற்கொள்வதற்கு முன் நான்கு கேள்விகளுக்குத் தன்னையறியாமலே விடை காண்கிறான் என்பது இக்கோட்பாட்டின் சாரம். இந்நோய் எனக்கு வருமா? வந்தால் பெருந்தீங்கு விளையுமா? சொல்லப்படும் வழியால் உண்மையில் பயன் உண்டா? அதை மேற்கொள்வதில் எனக்குள்ள தடைகள் எவை? தனக்கும் நோய் வரக்கூடும், முன்கூட்டிக் கண்டறிவதால் பயன் உண்டு என்ற இரு நம்பிக்கைகளும் உடையவர்களில் 82 சதவிகிதத்தினர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்ததையும், இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவிகிதத்தினரே எடுத்துக்கொண்டிருந்ததையும் ஹாக்பாமின் ஆய்வு காட்டியது. ஐந்தாவதாக ஒன்றைப் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். அது, 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற தன்னம்பிக்கை. ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் விளக்கிய கருத்து இது.

நான் பொருளாதாரம் பயின்றவன். இந்நான்கு கேள்விகளையும் கேட்கும்போது எனக்கு வரவும் செலவும் எழுதிய பேரேடு ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் மூன்றும் வரவுப் பக்கம். நான்காவது செலவுப் பக்கம். நம்முடைய சுகாதாரப் பிரசாரங்கள் பெரும்பாலும் வரவுப் பக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. நோயின் கொடுமையைச் சொல்கின்றன; சிகிச்சையின் சிறப்பைச் சொல்கின்றன. செலவுப் பக்கத்தை நோயாளி தனியே எழுதிக்கொள்ளும்படி விட்டுவிடுகின்றன.

நலம் தோன்றியதும் நின்றுபோகும் சிகிச்சை

காசநோய்ச் சிகிச்சையில் இந்தப் பேரேடு எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்போம். சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாதச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்களுக்கு மூன்று மருந்துகளும் நாள்தோறும் தரப்படுகின்றன. தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. நோயாளிக்கு நலம் திரும்பிவிட்டது என்ற உணர்வு உண்டாகிறது. உடலுக்குள் மெதுவாகப் பெருகும் கிருமிகள் எஞ்சியிருப்பதை அவர் உணர வழியில்லை.

அந்நிலையில் அவருடைய கணக்கு தலைகீழாகிறது. முதல் மாதத்தில் மருந்து, கண்கூடான துன்பத்தைப் போக்கியது. மூன்றாம் மாதத்தில் அதே மருந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தைத் தடுப்பதாக மட்டும் சொல்லப்படுகிறது. குமட்டலும் வயிற்றெரிச்சலுமோ கண்கூடானவை. ரிபாம்பிசின் மருந்தினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். இது தீங்கற்றது என்று முன்னரே சொல்லப்படாத நோயாளி, அதைக் கண்டு இரத்தமோ என்று அஞ்சி மருந்தை நிறுத்தக்கூடும். இரண்டு நிமிட விளக்கம் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது.

கிடைக்கப்போகும் பலாக்காயினும் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்பது நம் மக்களின் பழமொழி. பின்னால் வரும் பயனை இன்றைய பயனைவிடக் குறைத்து மதிப்பது மனித இயல்பு என்பதைப் பொருளாதாரமும் ஏற்றுக்கொள்கிறது. கட்டட வேலை செய்யும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மருந்து வாங்கச் சென்றால் காலை நேரம் போய்விடும். காலையில் போகாதவருக்கு அன்று வேலையில்லை. நாளைய நோய்க்காக இன்றைய கூலியை இழக்கச் சொல்கிறோம். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு இது எளிய முடிவன்று.

இரத்த அழுத்தத்தில் இக்கணக்கு இன்னும் கடினம். பெரும்பாலோருக்கு அறிகுறியே கிடையாது. நலமாக இருப்பதாக உணரும் ஒருவரிடம் வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிடும்படி சொல்கிறோம். மருந்தினால் அவர் அடையும் பயன், பக்கவாதம் வராமலிருப்பது. வராத ஒன்றை யாரும் கண்ணால் காண்பதில்லை.

மருந்தை இடையில் நிறுத்துவதன் விளைவு அந்த நோயாளியோடு நிற்பதில்லை என்பதால்தான் இது பொதுப் பிரச்சினையாகிறது. அரைகுறைச் சிகிச்சையில் தப்பிப் பிழைத்த கிருமிகள் மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைப் பெறக்கூடும். அவை குடும்பத்தாருக்கும் சக தொழிலாளருக்கும் பரவும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால் பங்கினர் இந்தியர் என்ற நிலையில், இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

அச்சமும் வெட்கமும்

அப்படியானால் மக்களை நன்றாக அச்சுறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். 1965-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தாலும் அவருடைய துணைவர்களும் இதைச் சோதித்தார்கள். இரணஜன்னி நோயைப் பற்றி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மிக அச்சமூட்டும் குறிப்புகளும், மற்றொரு பகுதியினருக்கு மிதமான குறிப்புகளும் தரப்பட்டன. அச்சமூட்டப்பட்டவர்கள் தடுப்பூசி தேவை என்பதை அதிகமாக ஒப்புக்கொண்டனர். ஆனால் அச்சம் மட்டுமே அவர்களை ஊசி போட்டுக்கொள்ளச் செய்யவில்லை. மருத்துவ நிலையம் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடமும், எந்த நேரத்தில் எவ்வழியாகச் செல்லலாம் என்பதைத் திட்டமிடும் குறிப்பும் பெற்றவர்களில் சுமார் 28 சதவிகிதத்தினர் சென்று ஊசி போட்டுக்கொண்டனர். அவற்றைப் பெறாதவர்களில் சென்றவர் 3 சதவிகிதத்தினரே. அச்சம் எண்ணத்தை மாற்றுகிறது. செயலுக்குத் தெளிவான ஒரு வழியும் தேவைப்படுகிறது.

காசநோய், தொழுநோய், எச்.ஐ.வி. போன்ற நோய்களில் அச்சமூட்டும் பிரசாரத்துக்கு மற்றொரு தீய விளைவும் உண்டு. நோயைப் பற்றிய அச்சம் நோயாளியைப் பற்றிய அச்சமாக மாறுகிறது. திருமணமாகாத பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால் வரன் அமையாது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். மணமான பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை மறைத்து வைக்கிறாள். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மருந்து சாப்பிடுகிறார். சுகாதாரப் பணியாளர் கோப்புடன் வாசலில் வந்து நிற்பதைக்கூட அவர்கள் விரும்புவதில்லை. நாம் உதவி என்று கருதி அனுப்பும் வருகை, அவர்களுடைய பேரேட்டில் செலவாகப் பதிவாகிறது.

நம்முடைய அலுவலகச் சொற்களும் இவ்வெட்கத்தைக் கூட்டுகின்றன. மருந்தை நிறுத்தியவரைத் தவணை கட்டத் தவறிய கடனாளியைக் குறிப்பதைப் போன்ற ஒரு சொல்லால் பல்லாண்டுகள் பதிவேடுகளில் குறித்து வந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வரையறைகளைத் திருத்தியபோது அச்சொல்லை நீக்கி, தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருளுடைய சொல்லைச் சேர்த்தது. சொல் மாறினால் பொறுப்பும் இடம் மாறுகிறது. தொடர்பு என்பது இரு தரப்பாருக்கும் உரியதல்லவா?

சென்னையில் கிடைத்த விடை

மருந்தை ஒழுங்காக உட்கொள்ளச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு நம் நாடே உலகுக்கு ஒரு விடையைத் தந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

அக்காலத்தில் காசநோயாளிக்குச் சானடோரியத்தில் நீண்ட ஓய்வும் நல்லுணவும் இன்றியமையாதவை என்று கருதப்பட்டது. சென்னையின் நெருக்கடி மிகுந்த ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு வீட்டிலும் ஓராண்டு அதே மருந்துகள் தரப்பட்டன. 1959-இல் வெளியான முடிவுகளின்படி, உணவிலும் ஓய்விலும் வசதியிலும் குறைந்திருந்த வீட்டுச் சிகிச்சையின் பலன், சானடோரியச் சிகிச்சையின் பலனுக்கு நெருங்கியே இருந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் தொற்று அபாயம் கூடவில்லை. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இவ்வாய்வு வழிவகுத்தது.

ஆனால் அம்மையத்தின் அறிஞர்கள் மற்றொன்றையும் கண்டார்கள். வீட்டில் மருந்து கொடுத்துவிட்டால் எல்லாரும் சாப்பிட்டுவிடுவார்கள் என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை. வீட்டுக்குச் சென்றார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எழுத்தறிவையோ நல்லெண்ணத்தையோ கொண்டு, யார் மருந்தை விடுவார் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பது இத்துறையில் பணிபுரிந்தோர் கண்ட உண்மை. வாரம் இருமுறை மையத்திற்கு வரவழைத்து நேரடியாக மருந்தளிக்கும் முறை 1964-இல் வெற்றிகரமாக வெளியிடப்பட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது ஒரு முன்னோடி. இந்தியாவில் அம்முறை 1997 முதல் படிப்படியாக விரிந்து 2006-இல் நாடு முழுவதையும் எட்டியது.

கண்காணிப்பே முழு விடை என்று இதிலிருந்து முடிவு செய்துவிடலாகாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், பணியாளர் முன்னிலையில் மருந்து விழுங்கியவர்கள், தாமே சாப்பிட்டவர்களைவிட மேலான பலன் பெறவில்லை. நோயாளியின் வேலை நேரத்தையும் சுயமரியாதையையும் பொருட்படுத்தாத கண்காணிப்பு, அவருடைய செலவையே கூட்டும். வீட்டருகே, தமக்கு ஏற்ற நேரத்தில், தாமே தேர்ந்தெடுத்த ஒருவரிடம் மருந்து பெறுவதை நோயாளி துணையாக உணர்கிறார். திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுபவரையும் ஒரு பகுதியாகச் சேர்த்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

விலையைக் குறைக்கும் வழிகள்

செலவுப் பக்கத்தைக் குறைத்தால் நடத்தை மாறுமா என்பதற்கு இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சான்று உண்டு. அங்கே 134 கிராமங்களில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வொன்றில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய பொருளாதார அறிஞர்களும் அவர்களுடைய துணைவர்களும் குழந்தைகளுக்கான தடுப்பூசியை ஆராய்ந்தனர். வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த கிராமங்களில் 6 சதவிகிதக் குழந்தைகளே எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்றிருந்தனர். தவறாமல் மாதந்தோறும் முகாம் நடத்தப்பட்ட கிராமங்களில் இது 18 சதவிகிதமாயிற்று. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் தரப்பட்ட கிராமங்களில் 39 சதவிகிதமாயிற்று.

பருப்புக்காகத் தடுப்பூசியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அத்தாய்மார்கள் தடுப்பூசியை வெறுத்தவர்கள் அல்லர். இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள். ஒரு கிலோ பருப்பு, இன்றே செல்வதற்கு ஒரு காரணத்தைத் தந்தது. மேலும், செவிலியரின் ஒரு நாள் உழைப்பில் அதிகக் குழந்தைகள் பயன்பெற்றதால், முழுத் தடுப்பூசி பெற்ற ஒரு குழந்தைக்கான செலவு, பருப்பு தராத முகாம்களில் ஆனதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிக்கனத்தை விரும்பும் நிதித் துறைக்கும் இது ஏற்புடைய செய்தியே.

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு 2018 முதல் நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் மாதம் 500 ரூபாய் வழங்கிற்று; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. பேருந்துக் கட்டணமும், வரிசையில் நிற்கும் நேரமும், இழக்கும் கூலியும் நோயாளியின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறுகின்றன. இத்தகைய திட்டங்களை இலவசம் என்று மட்டும் பார்ப்பது பொருந்தாது. இடையில் நிறுத்தப்படும் சிகிச்சைக்குச் செலவாகும் பொதுப் பணமும் வீண்தானே?

அலுவலர்கள் செய்யத்தக்கவை

இறுதியாக, நடைமுறைக்கு உகந்த சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய ஒதுக்கீடு தேவையில்லை.

முதலாவதாக, மருந்து வழங்கும் நேரத்தை அப்பகுதி மக்களின் வேலை நேரத்தை அறிந்து அமைக்க வேண்டும். தொழிலாளர் மிகுந்த பகுதியில் மாலையில் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் நிலையம், பத்துச் சுவரொட்டிகளைவிட அதிகப் பயன் தரும்.

இரண்டாவதாக, மருத்துவர் சொன்னதை நோயாளி புரிந்துகொண்டாரா என்று சரிபார்க்க வேண்டும். மருத்துவர் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நோயாளிகள் விரைவிலேயே மறந்துவிடுகிறார்கள் என்பதைப் பிரிட்டிஷ் உளவியலறிஞர் பிலிப் லேயின் ஆய்வுகள் காட்டின. 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் தலையசைப்பார்கள். 'வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டால் உண்மை தெரியும். அதுவும் நோயாளியின் மொழியில் கேட்கப்பட வேண்டும். மராத்தியும் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து புழங்கும் புணே போன்ற நகரத்தில் இது சிறிய செய்தியன்று.

மூன்றாவதாக, பக்க விளைவுகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்ற எண்ணம் தவறு. சொல்லாமல் விட்டதை நோயாளி தாமே கண்டறியும்போதுதான் மருத்துவர் மீதுள்ள நம்பிக்கை குலைகிறது. குறித்த நாளில் மருந்து இருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்புவதும் அத்தகையதே. ஒழுங்கை நோயாளியிடம் எதிர்பார்க்கும் நிர்வாகம், முதலில் தன்னிடம் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

நான்காவதாக, வீட்டுக்கு எப்போது வரலாம், யாரிடம் பேசலாம், தொலைபேசியில் அழைக்கலாமா என்பவற்றை நோயாளியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஆஷா பணியாளருக்கும் சுகாதாரப் பார்வையாளருக்கும் இதில் பயிற்சி அளித்தல் நலம்.

ஐந்தாவதாக, மருந்து நின்றுபோன ஒவ்வொரு நேர்விலும் 'ஏன்?' என்ற கேள்விக்குப் பதிவேட்டில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று அதில் எழுதுவதை மேலதிகாரிகள் ஏற்கலாகாது. வேலை தேடி ஊர் மாறினாரா, வாந்தியா, குடிப்பழக்கமா, வீட்டில் எதிர்ப்பா, நலமாகிவிட்டதாக எண்ணமா என்று குறிப்பிட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தீர்வு உண்டு. ஒத்துழையாமை என்ற சொல்லுக்குத் தீர்வே கிடையாது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மாவட்டங்களில் பொறுப்பேற்கப் போகிறவர்கள். உங்களுக்குச் சட்டமும் அதிகாரமும் இருக்கும். 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டிய நெருக்கடி நேரங்களும் வரும் என்பதை 2020-இல் கண்டோம். ஆயினும் ஆறு மாதம், 180 நாள், நாள்தோறும் ஒருவர் தம் வீட்டின் ஒரு மூலையில் யாருடைய கண்ணிலும் படாமல் மாத்திரையை எடுத்து விழுங்க வேண்டுமென்றால், அதைச் செய்விக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அவர் அதைச் செய்வதற்கு ஆகும் விலையைக் கேட்டறிந்து, அதில் எவ்வளவைக் குறைக்க முடியுமோ அவ்வளவைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அப்பணியைச் செய்யும் அலுவலர்களைப் பெற்ற மாவட்டத்தில் காசநோய்ப் பதிவேட்டின் கடைசிப் பத்தியில், 'சிகிச்சை முடிந்தது' என்ற பதிவுகள் பெருகும்.